கட்டம் வேறு, கேள்விக்குறி வேறு

எங்கள் ஊழியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன மாதம் கேட்டார்கள். ‘அலுவலகத்தில் கணினி வந்த கதை’ என்று தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். சுவையாக இருக்க வேண்டுமாம், இளையவர்களுக்கு ஊக்கம் தர வேண்டுமாம். சரி என்று நானும் டைப்ரைட்டர் ரிப்பன், மை அப்பிய விரல்கள், முதல் கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிய நாள் என்று இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். படித்தால் யாருக்கும் கோபம் வராது. அதைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது வேறு கட்டுரை.

காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண் நிவேதா. கெட்டிக்காரி, மரியாதை தெரிந்தவள், சந்தேகம் வந்தால் கேட்கிறவள். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருந்து அந்த அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை.

“மேடம், பழைய லிஸ்ட்டெல்லாம் புது சாஃப்ட்வேருக்கு மாத்திக்கினு இருக்கோம். குப்பத்து பாடு லிஸ்ட்ல பத்தொம்போதாவது வரில பேரே இல்ல. வெறும் ஆறு கேள்விக்குறி இருக்கு. குப்பைதானே மேடம்? டெலிட் பண்ணிட்டா லிஸ்ட் சுத்தமாயிடும்.”

“தொடாதே” என்றேன். பக்கத்து அறையில் இருந்த என் மருமகன் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் குரல் வந்துவிட்டது.

“இல்ல மேடம், ஏதோ ஃபான்ட் ப்ராப்ளம் போலன்னுதான்…”

ஃபான்ட் ப்ராப்ளம். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். முப்பத்தொரு வருட உத்தியோகத்தில் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் எத்தனை பேர் ஒளிந்துகொண்டார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் ஒளிந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழவேற்காட்டுக்குத் தெற்கே கடலோரக் குப்பத்தில் பிறந்தேன். நைனா கடலுக்குப் போவார், அம்மா கூடையில் மீன் விற்றாள். வீட்டில் மீன் வாசனை இல்லாத ஒரே பொருள் என் பள்ளிக்கூடப் பைதான் என்று அம்மா சொல்லுவாள். மீஞ்சூரில் தட்டச்சு படித்தேன், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தேன், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஏழு வருடம் காத்திருந்தேன். பழவேற்காட்டில் மீனவர் பதிவுகளைப் பார்க்கிற ஒரு சின்ன அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்த்தார்கள். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். கணினி வந்தபோது “டைப் தெரிஞ்ச பொண்ணு இருக்குதே” என்று என்னைத் தள்ளி அதன் முன்னால் உட்காரவைத்தார்கள். பயிற்சி மூன்று நாள். அதில் ஒன்றரை நாள் மின்சாரம் இல்லை.

ஆரம்ப காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் வேஷம் போட்டவை. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் உருவம். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் பூச்சி பூச்சியான குறிகளும் கலந்து கிடக்கும். ஒருமுறை மேல் அலுவலகத்திலிருந்து கடல் எச்சரிக்கை வந்தது. வாடைக்காற்று பலமாக அடிக்கப்போகிறது, படகுகள் போகக் கூடாது என்று. நான் அன்று பொன்னேரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால், அந்தப் பூச்சி எழுத்தை அப்படியே அச்செடுத்து, அலுவலக முத்திரை குத்தி, கையெழுத்தும் வாங்கி, அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். நாலு பேர் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

“இன்னா மேடம், இங்கிலீஷ்ல போட்டுக்கீறாங்க?” என்று ஒருவர் கேட்டார்.

இங்கிலீஷும் தெரியாமல் தமிழும் தெரியாமல் முத்திரை குத்தியவரிடம் போய்க் கேட்டேன். “ஃபான்ட் பிரச்சினை, நாம என்ன பண்றது” என்றார். அன்றைக்கு ஏழு படகு போயிருந்தது. ஆட்கள் உயிரோடு வந்து சேர்ந்தார்கள், வலைகள் வரவில்லை. அந்தக் காகிதத்தைக் கிழித்து அவர் மேசையில் வைத்தேன். அரசாங்கக் காகிதத்தைக் கிழித்ததற்கு எனக்கு மெமோ கொடுத்தார்கள். முத்திரை குத்தியவருக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்த எழுத்து விவகாரத்தை நான் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. டெக்ஸ்ட் எடிட்டர் என்று ஒன்று உண்டு, அலங்காரம் எதுவும் இல்லாமல் எழுத்தை மட்டும் காட்டுகிற மென்பொருள். அதில் தமிழ் தெரியாமல் போனால் முதலில் பார்க்க வேண்டியது, தெரியாமல் போனது எப்படி என்பதை. பூச்சியாகத் தெரிந்தால் எழுத்துரு மாறியிருக்கிறது, சரியானதைப் போட்டால் வந்துவிடும். கட்டம் கட்டமாக, வெற்றுச் சதுரமாகத் தெரிந்தால் எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது, அதற்கு உருவம் கொடுக்க அந்தக் கணினிக்குத் தெரியவில்லை. அப்போதைய கணினிகளில் கன்ட்ரோல் பேனலுக்குப் போய், மொழிகள் என்ற பக்கத்தைத் திறந்து, இந்திய மொழிகளுக்கான சின்னக் கட்டத்தில் டிக் அடித்து, குறுந்தகடு கேட்டால் போட்டு, கணினியை அணைத்துத் திரும்பப் போட வேண்டும். பத்து நிமிட வேலை. கேள்விக்குறியாகத் தெரிந்தால் மட்டும் பயப்பட வேண்டும். ஏனென்றால் அப்போது எழுத்து உள்ளேயே இல்லை. தண்ணீர் கலங்கலாக இருந்தால் வலையில் உள்ள மீன் தெரியாது, அது கட்டம். வலையே கிழிந்துவிட்டது என்றால் அது கேள்விக்குறி.

இதை ஒரு தாளில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தேன். கடைசி வரியில், ‘எது வந்தாலும் சேவ் பண்ணாதீர்கள்’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தேன். ஒன்பது பேர் இருந்த அலுவலகத்தில் அதைப் படித்தவர் பியூன் ஒருவர்தான்.

இனி எங்கள் கண்காணிப்பாளர். பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்குப் பேரன் பேத்தி இருக்கிறார்கள். வெளி மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. நாற்காலியில் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார், உப்புக்காற்றில் எல்லாம் பிசுபிசுக்கிறது என்று. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எங்களில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் பிஸ்கட் பொட்டலம் வாங்கி வருவார். சத்தம் போடுகிற அதிகாரியிடம் பதிலுக்குச் சத்தம் போடலாம், இப்படிப்பட்டவரிடம் என்ன செய்வது? கோப்புகளில் அவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுக்க வேண்டும். அவர் கண்ணுக்கு அந்தப் புள்ளி மட்டும்தான் தெரியும். சட்டென்று போட்டுவிட்டு அடுத்த பக்கம் போவார். கணினியிலும் அதே பழக்கம்.

“ஸ்கிரீன்ல பெட்டி வந்தா படிச்சிட்டு உக்காராதீங்க சரோஜாம்மா. ஓகே குடுத்தா போயிடும். சிம்பிள் மேட்டர்” என்பார்.

பாடு பட்டியல் அவருக்கு முன்பே என் கணினியில் ஏறியிருந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியும் கடலும் சேருகிற முகத்துவாரத்தில் எல்லாரும் ஒரே நாளில் வலை கட்ட முடியாது. மீன் வருகிற வழி குறுகல். அதனால் குப்பத்தில் ஒவ்வொரு தலைக்கட்டுக்கும், அதாவது தனி அடுப்பு எரிகிற ஒவ்வொரு குடும்பத்துக்கும், முறை வைத்து ஒரு நாள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. சீட்டுப் போட்டு வரிசை எடுத்த பிறகு யாரும் மாற்றுவதில்லை. அந்த வரிசையை எழுதிய நோட்டு அம்மன் கோயில் தகரப்பெட்டியில் இருக்கும். பக்கம் தீர்ந்தால் புது நோட்டில் பெயர்த்து எழுதி, ஊர் கூடி உரக்கப் படித்து, அன்றைக்கே பழைய நோட்டை முகத்துவாரத்தில் வடிகிற தண்ணீரில் விட்டுவிடுவார்கள். “ரெண்டு நோட்டு இருந்தா ரெண்டு நியாயம் வந்துரும்” என்பது அந்தக் குப்பத்துச் சொல்.

அப்போதைய ஊர்த் தலைவர் வேலாயுதம் மாமா. மாமா என்றால் உறவில்லை, எங்கள் பக்கத்து வழக்கம். நோட்டை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். எழுத்துரு வேஷமெல்லாம் போய் யூனிகோடு வந்திருந்த நேரம், நல்லதாகப் போயிற்று என்று டெக்ஸ்ட் எடிட்டரில் அறுபத்திரண்டு பெயரையும் வரிசை எண்ணோடு அடித்தேன். அவர் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். கடைசியில் கேட்டார்.

“ஏறிடுச்சா?”

“ஏறிடுச்சு மாமா.”

நோட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார். அடுத்த வாரம்தான் எனக்குத் தெரிந்தது, நேரே முகத்துவாரத்துக்குப் போய்த் தண்ணீரில் விட்டுவிட்டார் என்று. கணினியில் ஏறிவிட்டதே, புது நோட்டு எழுதியாயிற்றே, பழையது எதற்கு? நானும் குப்பத்துப் பெண்தான், அந்த வழக்கம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கணினியை அவர் நோட்டு என்று எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ‘மாமா, இதை மட்டும் விட்டுடாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் மீதான கோபக் கணக்கில் அது முதலாவது.

இரண்டு வருடம் கழித்துப் பத்தொன்பதாவது வரிக்காரர் கன்னியப்பன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்தார். அவர் மனைவி பொன்னிக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது, கைக்குழந்தை ஒன்று. வேலாயுதம் மாமா அவளை அழைத்துக்கொண்டு வந்தார்.

“பேர மாத்துமா. கன்னியப்பன எடுத்துட்டுப் பொன்னின்னு போடு. அவ அண்ணங்காரன் அவளுக்காக வலை கட்டுவான்.”

“பொம்பள பேரு பாடுல வருமா மாமா?”

“வூட்ல அடுப்பு எரியுதுல்ல? அப்போ அது தலைக்கட்டுதான். ஊரு ஒத்துக்கிச்சு.”

“எழுத்து மூலமா ஒண்ணு குடுத்தா நல்லா இருக்கும்.”

“நான் நிக்கிறேன், வாயால சொல்றேன். பத்தாதா உனக்கு?”

பத்தும் என்றுதான் எனக்கும் பட்டது. மாற்றினேன். சேமித்தேன். பொன்னி திரைக்கு முன்னால் குனிந்து தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். ஒருமுறை படித்துவிட்டு இன்னொரு முறையும் படித்தாள்.

வேலாயுதம் மாமா மறு வருடம் இறந்தார். புதுத் தலைவர் வந்தார். கண்காணிப்பாளரும் அந்தச் சமயத்தில்தான் வந்தார். பிறகு ஒருநாள் புதுக் கணினி வந்து இறங்கியது. அன்று என் மகளுக்குப் பிரசவம், மீஞ்சூர் ஆஸ்பத்திரியில் இருந்தேன். பழைய கணினியை விற்பனையாளர் அன்றைக்கே ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கோப்புகளைப் புதியதில் பெயர்த்து வைத்திருந்தார்கள், அதுவரை பெரிய மனசு. பகல் பன்னிரண்டு மணிக்குக் கண்காணிப்பாளர் போன் செய்தார்.

“சரோஜாம்மா, பாடு லிஸ்ட்டைத் திறந்தா கட்டம் கட்டமா வருது.”

“அப்படின்னா ஒண்ணும் ஆகல சார். எழுத்து உள்ளதான் இருக்கு. புதுக் கம்ப்யூட்டர்ல தமிழ் போடல, அவ்வளவுதான். அப்படியே மூடிடுங்க. சேவ் பண்ணவான்னு கேட்டா வேணாம்னு குடுங்க. நான் நாளன்னிக்கு வந்து பத்து நிமிஷத்துல சரி பண்றேன்.”

“சிம்பிள் மேட்டர்தானே, பார்த்துக்கறேன்” என்று வைத்துவிட்டார்.

பார்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த யாரோ ஒரு கடைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டிருக்கிறார். ‘என்கோடிங்’ என்று கீழே ஒன்று இருக்கும், அதை மாற்றிப் பாருங்கள் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். வேறு பெயரில் சேமிக்கிற பெட்டியைத் திறந்தால் கீழே அந்தப் பட்டி இருக்கும். அதில் நாலு பெயர்கள், முதல் பெயர் பழைய ஆங்கில முறை. முதலாவதைத் தேர்ந்தெடுத்து அதே பெயரிலேயே சேமித்திருக்கிறார். அப்போது ஒரு பெட்டி வரும். இப்படிச் சேமித்தால் இந்தக் கோப்பில் உள்ள எழுத்துகள் அழிந்துபோகும் என்று ஆங்கிலத்தில், நீட்டி முழக்கி, மனிதனுக்குப் புரியும்படி எழுதியிருக்கும். அவர் ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர். ஓகே கொடுத்தார். பெட்டி போய்விட்டது.

மூன்றாம் நாள் நான் வந்து திறந்தேன். ஒன்று முதல் அறுபத்திரண்டு வரை எண்கள் இருந்தன, எண்ணுக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தது. அதற்கப்புறம் கேள்விக்குறிகள். கட்டமாக வந்தது என்று அவர் சொன்னாரே, எழுத்துரு மாறித் தெரிகிறதோ என்று நப்பாசையில் தமிழைப் போட்டேன், அணைத்துத் திரும்பப் போட்டேன், வேறு எடிட்டரில் திறந்தேன். எழுத்துக்குப் பின்னால் இருக்கிற எண்களைக் காட்டுகிற ஒரு மென்பொருள் உண்டு, அதிலும் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் எண் இருக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே எண் இருந்தது, அறுபத்து மூன்று. அது கேள்விக்குறியின் எண். என்னிடம் இருந்த ஃப்ளாப்பி நகல் உப்புக்காற்றில் பூசணம் பிடித்துப் படிக்கவே மறுத்தது. அச்செடுத்த ஒரே பிரதியை மேல் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தோம். கேட்டால் தேடிப் பார்க்கிறோம் என்றார்கள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

“எழுத்துரு கோளாறுன்னு ஒரு நோட் போட்டுடலாம்” என்றார் கண்காணிப்பாளர். பிஸ்கட் கொடுக்கிற அதே குரலில்.

நான் பென்சில் புள்ளி வைத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

போதாத காலம், அந்த மாதமே ஒரு உத்தரவு வந்தது. முகத்துவாரத்தில் வலை கட்ட இனி அடையாள அட்டை வேண்டும், அட்டை இல்லாதவர்களைத் தண்ணீரில் இறங்கவிடக் கூடாது. எங்கள் பட்டியலில் பெயர் இருக்கிற தலைக்கட்டுக்கு மட்டும்தான் அட்டை. பட்டியலில் இருந்ததோ கேள்விக்குறி. குப்பமே திரண்டு வந்து வாசலில் நின்றது. “யார் வேணா வந்து யார் பேரை வேணா சொல்லலாமே, நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?” என்றார் கண்காணிப்பாளர். அவர் கையெழுத்துக்கு முன்னால் யோசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அந்தக் கேள்விக்குறிகளையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்படி முறைத்ததில்தான் பிடிபட்டது. எழுத்து அழிந்துவிட்டது, ஆனால் ஒவ்வோர் எழுத்து இருந்த இடத்திலும் ஒரு கேள்விக்குறி மிச்சம் இருக்கிறது. கணினிக்கு உள்ளே ‘மு’ என்பது இரண்டு, மகரம் ஒன்று, உகரக் குறி ஒன்று. அந்தக் கணக்கில் முனுசாமி எட்டு, எல்லப்பன் ஒன்பது. முதல் வரியைப் பார்த்தேன். எல்லப்பன்தான் முதல் பாடு என்று எனக்கு நினைவிருந்தது. ஒன்பது கேள்விக்குறிகள் இருந்தன.

கண்காணிப்பாளரிடம் சொன்னேன். “சார், வரிசையை ஊர்க்காரங்க சொல்லட்டும். ஒவ்வொரு பேருக்கும் எத்தனை குறின்னு நான் எண்ணிப் பார்க்கறேன். அறுபத்திரண்டு பேரும் பொய் சொல்லி எல்லாம் சரியா விழாது.” அவருக்குப் பாதி புரிந்தது. நோட் எழுதுகிற அளவுக்குப் புரிந்தது.

ஊர்க்காரர்களிடம் பாடு வரிசையில் நில்லுங்கள் என்றேன். அலுவலக வாசல் மணலில் அறுபத்தொரு ஆண்கள் ஐந்து நிமிடத்தில் வரிசையாகிவிட்டார்கள். முழு வரிசை யாருக்கும் மனப்பாடம் இல்லை. ஆனால் எனக்கு முந்தின நாள் யாருடையது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும், அவன் வலையை அவிழ்த்த பிறகுதானே இவன் கட்ட வேண்டும். அவரவர் தன் ஆளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். எங்கள் அலுவலகத்தில் எந்த வரிசையும் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. பதினெட்டாவதாக நின்ற முனுசாமிக்கும் இருபதாவதாக நின்ற தேசப்பனுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது. பொன்னியின் அண்ணன் அப்போது காசிமேட்டில் விசைப்படகில் வேலைக்குப் போயிருந்தான். பெண்கள் பாடு வரிசையில் நிற்பதில்லை. பொன்னி குழந்தையோடு தள்ளி, சைக்கிள்கள் நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே கண்காணிப்பாளர், அவருக்குப் பக்கத்தில் புதுத் தலைவர், கணினி முன்னால் நான். ஒவ்வொருவராக வந்து பெயர் சொன்னார்கள், நான் எண்ணினேன். எல்லாம் சரியாக விழுந்தது. முனுசாமி எட்டு, சரி. அடுத்து தலைவர் வாசலைப் பார்த்துத் தலையாட்டினார். வரிசையிலேயே இல்லாத அவர் அக்கா மகன் உள்ளே வந்தான்.

“பத்தொம்போது, சேகர்” என்றார் தலைவர். “கன்னியப்பன் செத்தப்புறம் ஊரு இவனுக்குக் குடுத்துச்சு.”

சேகருக்கு ஐந்து. கன்னியப்பனுக்குப் பதினொன்று. திரையில் இருந்தது ஆறு.

“ஒத்துவரல சார். ஆறு இருக்கு.”

“அப்போ என்ன பேரு அது?” என்று கேட்டார் கண்காணிப்பாளர்.

எனக்குத் தெரியும். என் விரலால் அடித்த பெயர். ஜன்னல் வழியே பார்த்தால் அந்தப் பெயருக்கு உரியவள் தெரிகிறாள். வாயைத் திறந்தேன்.

“அதுல அப்புறம் ஒரு மாத்தம் பண்ணேன் சார்…”

“யார் உத்தரவுல?”

“பழைய தலைவர் வந்து சொன்னார்.”

“எழுத்து மூலமா இருக்கா?”

இல்லை என்றேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “அப்போ உத்தரவே இல்லாம நீங்க பாட்டுக்கு லிஸ்ட்ல கை வைக்கற ஆளு. அப்படின்னா இது அழிஞ்சதும் உங்க கையாலன்னுதான் நான் எழுத வேண்டி வரும் சரோஜாம்மா. நீங்க வேற அந்தப் பக்கத்து ஆளு. யோசிச்சுச் சொல்லுங்க. அது யார் பேருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

என் வீட்டுக்காரருக்கு அப்போது வேலை இல்லை. மகள் பிரசவித்துப் பத்து நாள். இதையெல்லாம் சொல்வது சாக்கு என்று எனக்கே தெரிகிறது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

“தெரியாது சார்” என்றேன்.

தலைவரை மீறி ஊரிலும் யாரும் சாட்சி சொல்ல வரவில்லை. அறுபத்தொரு பெயரைத் திரும்ப அடித்தேன். பத்தொன்பதாவது வரியில் ஆறு கேள்விக்குறியை அப்படியே விட்டு, எதிரே ‘எழுத்துரு கோளாறு, சரிபார்ப்பில்’ என்று குறிப்பு எழுதச் சொன்னார், எழுதினேன். சேகருக்கும் அட்டை கிடைக்கவில்லை என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் இருந்தது. முறை வந்த நாளில் அந்த இடத்தில் யாரும் வலை கட்டாமல் கொஞ்ச காலம் தண்ணீர் சும்மா ஓடியது. பிறகு அந்த நாளையும் மற்றவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள்.

பொன்னி மாதம் ஒருமுறை கவுண்டருக்கு வந்தாள். “அக்கா, என் பேரு வந்துச்சா?” என்பாள். “இல்லம்மா, ஃபான்ட் பிரச்சினை, மேல எழுதிக்கீறோம்” என்பேன். நான்தான் சொல்வேன், வேறு யாரும் இல்லை. மாதம் ஒருமுறை என்பது வருடத்துக்கு ஒருமுறை ஆனது. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனாள். கைக்குழந்தையாக இருந்த மகன் வளர்ந்து காட்டுப்பள்ளிப் பக்கம் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறான். கண்காணிப்பாளர் பதவி உயர்வு பெற்று மாலை மரியாதையோடு போனார். அந்த மாலையை வாங்கி வந்ததும் நான்தான்.

இந்த ஆறு கேள்விக்குறியைத்தான் குப்பை என்று அழிக்கட்டுமா என்று கேட்டாள் நிவேதா. அவள்மேல் குற்றமில்லை. அது ஒரு ஆள் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

மறுநாள் காலை பஸ் ஏறிக் குப்பத்துக்குப் போனேன். பொன்னி வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்துவிட்டது. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கண்காணிப்பாளர் ஓகே கொடுத்ததை, நான் ஆறு என்று எண்ணியதை, தெரியாது என்றதை. அவள் கையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும்தான் நிமிர்ந்தாள்.

“அன்னிக்கி எத்தினி வாட்டி வந்து கேட்டேன் உன்னாண்ட. ஃபான்ட்டு ஃபான்ட்டுன்னே. என் புள்ள பெரியவனானதும் அவனாண்ட கேட்டேன், இன்னாடா அது ஃபான்ட்டுன்னு. எழுத்துக்குப் போடுற சட்டைம்மான்னான். சட்டை இல்லாட்டி ஆளே இல்லன்னு ஆயிடுமாக்கா?”

கையில் இருந்த நண்டைக் கூடையில் போட்டாள்.

“உனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சே மூஞ்சப் பாத்துச் சொல்லிக்கீற.”

“ஆமாம்.”

கையைக் கழுவினாள், புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள். “வா, போலாம்” என்றாள். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அலுவலகத்தில் இப்போது இருக்கிற அதிகாரி இளைஞர். கேட்டுவிட்டு, “எழுதிக் குடுங்க மேடம். ஆனா உத்தரவில்லாம மாத்தினேன்னு நீங்களே எழுதினா உங்களுக்குத்தான் சிக்கல் வரும்” என்றார். வரட்டும் என்றேன். நிவேதாவின் மேசையில் உட்கார்ந்து கையாலேயே எழுதினேன். பத்தொன்பதாவது வரியில் உள்ள ஆறு குறிகள் கன்னியப்பன் மனைவி பொன்னியின் பெயர் என்றும், அன்றைய ஊர்த் தலைவர் சொல்ல நான் அடித்தேன் என்றும், பிறகு அழிந்தது எழுத்துருக் கோளாறால் அல்ல, இன்னார் செய்த செயலால் என்றும், கேட்டபோது தெரிந்தே தெரியாது என்று சொன்னேன் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி மேலே அனுப்புவதாகச் சொன்னார், அதுவரை அந்த வரியை அழிக்கக் கூடாது என்று நிவேதாவுக்கு எழுதியும் கொடுத்தார். அட்டை எப்போது வரும் என்று அவருக்கும் தெரியாது.

பொன்னி தாளை வாங்கினாள். அன்றைக்குத் திரையில் படித்த மாதிரியே எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். அவசரப்படவில்லை. பிறகு ஓர் இடத்தில் விரலை நிறுத்தி என் பக்கம் திருப்பினாள். தெரிந்தே தெரியாது என்று சொன்னேன் என்ற இடம்.

“இதுக்கு அடில கோடு போடு” என்றாள்.

நிவேதா ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள். போட்டேன்.